லோசலீன் சின்னதாக்கிய பெயர்கள்

டோங்காவின் வவாவு தீவில் யார் இறந்தாலும் சேதி முதலில் வானொலி நிலையத்துக்குத்தான் வரும். அந்த நிலையத்தின் இணையதளத்தைப் பதினோரு வருடமாகக் கவனித்துக்கொள்பவள் லோசலீன். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பக்கம் திறப்பாள்; அடக்கம் அதில் நேரலையாக ஓடும். பழம் பறிக்க வெளிநாடு போன பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை. பக்கத்தின் முகவரியில் இறந்தவர் பெயரைக் கேபிடல் என்கிற பெரிய எழுத்தில்தான் தொடங்குவாள். சின்ன எழுத்தில் தொடங்குவது அவளுக்கு மரியாதைக் குறைவு. பிடிவாதக்காரி, யார் சொல்லியும் கேட்டதில்லை.

பழைய சர்வர் எந்த எழுத்தில் அடித்தாலும் பக்கத்தைத் திறந்துவிடும். போன மாதம் வந்த புதியதற்குப் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. லோசலீன் தன் மேசையில் வழக்கம்போல முதல் எழுத்தை மட்டும் பெரிதாக அடித்து இரண்டு பக்கங்களைத் திறந்து பார்த்தாள்; திறந்தன. அதோடு விட்டுவிட்டாள்.

அன்று லாவினியா என்ற அம்மாளின் அடக்கம், காலை பத்து மணிக்கு. ஒன்பதேகாலுக்குப் போன் வந்தது. ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சுத் தோட்டத்தில் இருக்கும் லாவினியாவின் மகன் ஃபெலெட்டி.

“அக்கா, அப்படி ஒரு பக்கமே இல்லைங்குது. ரேடியோவுல கேட்டபடிதான் அடிச்சேன். அம்மாவக் கடைசியா ஒரு தடவ பாக்கணும்.”

“எப்படி அடிச்சே தம்பி?”

“எல்லாமே பெரிய எழுத்துதான். விமானத்துல தர்ற படிவத்துல அப்படித்தானே எழுதச் சொல்றாங்க. எங்க ஆளுங்க எல்லாருக்கும் அதே பழக்கம்.”

அவள் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தாள், கிடைக்கவில்லை.

“எந்த எழுத்து பெருசுன்னு ரேடியோவுல இன்னொரு தடவ சொல்லிடுங்கண்ணே,” என்றாள் அறிவிப்பாளர் கித்தியோனேயிடம்.

“இருபது வருஷமா இழவு வாசிக்கிறேன் தாயி. பெரிய எழுத்துக்குன்னு தனிக் குரல் எங்கிட்ட இல்ல. தோட்டத்துல நிக்கிறவன் காதுல அது விழவும் விழாது. மெஷினச் சொல்லித் திருத்து.”

அவர் சொன்னது சரிதான். முகவரி எந்த எழுத்தில் வந்தாலும் சின்ன எழுத்தாக மாற்றிக்கொண்டு பக்கத்தைத் தேடு என்று சர்வருக்கு ஒரு விதி எழுதினாள். பிறகு பதினோரு வருடத்துப் பெயர்கள் எல்லாவற்றையும் முகவரியில் சின்னதாக்க வேண்டியிருந்தது. லாவினியா பெயர் வந்தபோது கை கூசியது. ஈடாக, பக்கத்தின் தலைப்பில் அந்தப் பெயரைத் திரை கொள்ளும் மட்டும் பெரிதாகப் போட்டாள். முடித்தபோது பத்துக்கு நான்கு நிமிடம் இருந்தது.

பாடகர் குழு பாடத் தொடங்கியது. ஃபெலெட்டி பக்கத்துக்கு வந்தானா என்று தெரியவில்லை. அடக்கம் முடிந்த பிறகுதான் செய்தி வந்தது, முழுக்கப் பெரிய எழுத்தில்: அம்மாவப் பாத்துட்டேன் அக்கா. மண்ணு மூடுற வரைக்கும் கூட இருந்தேன். உங்கள மறக்க மாட்டேன்.

மறுநாள் லாவினியா வீட்டிலிருந்து ஓலைக்கூடையில் சேனைக்கிழங்கும் பன்றி இறைச்சியும் வந்தன. லோசலீனுக்கு அதை வாங்கவே வெட்கமாக இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அவள்தான் அவனுக்குக் கூடை அனுப்ப வேண்டும். புதிய சர்வர் வந்த பிறகு ஏழு அடக்கங்கள் நடந்திருந்தன. பக்கம் திறக்கவில்லை என்று வெளிநாட்டிலிருந்து ஒருவரும் போன் செய்யவில்லை. தங்கள் மேல்தான் தப்பு என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

கூடையை ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஏழில் முதல் வீட்டின் வெளிநாட்டு மகளுக்குப் போன் போட்டாள்.

“உங்க அப்பா அடக்கம் பதிவாகி இங்கதான் இருக்கு. தப்பு என்னோடது. இப்ப எந்த எழுத்துல அடிச்சாலும் திறக்கும்.”

 அந்தப் பெண் அழுதுகொண்டே நன்றி சொன்னாள். லோசலீன் அடுத்த எண்ணை அழுத்தினாள்.