ஏழாம் இடத்து ஐஸ்பழ வண்டி

அன்று காலை தேநீரைக் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தபின், பதினொரு ஆண்டுகளாக நான் மறுத்துவந்த ஒரு தீர்மானத்தை எடுத்தேன். எங்கள் பட்டியலில் ஏழாம் இடத்திலிருந்த படத்தை ஆறாம் இடத்துக்கு உயர்த்துவது என்பதே அது. அவசரப்பட்டு எடுத்த தீர்மானமல்ல. மூன்று நாள் யோசித்தேன். அன்று சவரமும் செய்துகொண்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பிலிருந்து பெரியகல்லாற்றுக்குப் பஸ் ஏறி, அக்காவின் முன்னால் உட்கார்ந்து, கொப்பியில் ஒப்பமிட்டு இதை அறிவிப்பது என்று முடிவாயிற்று. அன்று செவ்வாய்.

பத்தரை மணிக்கு அக்காவின் மகள் வதனி தொலைபேசியில் அழைத்தாள். “மாமா, அம்மா போயிட்டா” என்றாள். பிறகு எங்கள் குடும்பத்தின் வழக்கப்படி விபரங்களை ஒழுங்காகச் சொன்னாள். கோழிகளுக்குத் தீன் போட்டுவிட்டு வந்து கதிரையில் இருந்தாராம். தண்ணீர் கேட்டாராம். தண்ணீர் வருவதற்குள் முடிந்துவிட்டதாம்.

தவமணி அக்காவை உங்களில் பலர் மிஸி என்றுதான் அறிவீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் வாவியின் இரண்டு கரையிலும் குடும்பநல மாதுவாக வேலை செய்தவர். இதை வாசிக்கிறவர்களில் சிலரை இந்த உலகத்தில் முதலில் தொட்டவர் அவர். முதலில் அடித்தவரும் அவர். பிள்ளைப்பேற்று வலியில் ‘எனக்கு ஏலாது, விடுங்க’ என்று அழும் பெண்களிடம் அவர் சொல்லும் ஒரு வாசகம் உண்டு. “இடையில இறங்க ஏலா பிள்ள, இது கடுகதி பஸ்.” அவருடைய இறுதிக் கிரியைக்கு வந்திருந்த பெண்களில் மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் இதைச் சொன்னார்கள். மூவரும் அது தங்களுக்கு மட்டும் சொல்லப்பட்டதென்று நினைத்திருந்தார்கள்.

பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் ஒரு வண்டியில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கிற படங்கள் உலகத்தில் ஏராளமாக உண்டு. அவற்றில் சிறந்த பத்தை நானும் அக்காவும் ஒரு நீளக் கொப்பியில் எழுதி வைத்திருந்தோம். வண்டியில் போகிற இருவரில் ஒருவருக்காவது போக விருப்பம் இருக்கக்கூடாது. வழியில் சாப்பிட வேண்டும். யாரும் இறங்கி ஆடக்கூடாது. மூன்றாவது விதியால் தமிழ்ப் படங்கள் அனைத்தும் வெளியேறின. பட்டியலில் எந்த மாற்றத்துக்கும் இருவரும் கொப்பியில் ஒப்பமிட வேண்டும் என்ற விதியை நான் சேர்த்தேன். கொப்பி தன் வீட்டில்தான் இருக்கும் என்பதை அக்கா சேர்த்தார்.

படங்களின் பெயர்கள் எங்களுக்குத் தெரியாது. வீடியோ கசெட் வாடகைக்குத் தந்தவர் அவற்றின் மீது எண்களை மட்டுமே எழுதியிருந்தார். ஆகவே லொறிப் படம், கழுதைப் படம், ஐஸ்பழ வண்டிப் படம் என்று நாங்களே பெயர் வைத்தோம். முடிவுகளும் பல படங்களுக்குத் தெரியாது. அக்காலத்தில் கல்லாற்றில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. பழுகாமத்தில், அக்கா பேறு பார்த்த ஒரு வீட்டில், உழவு மெசினின் பட்டரியில் தொலைக்காட்சியும் டெக்கும் ஓடும். அக்கா அங்கே தாயையும் பிள்ளையையும் பார்க்கப் போகும்போது நானும் கசெட்டுடன் ஒட்டிக்கொள்வேன். பதினொரு மணிக்கு மெசின் வயல் வட்டைக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் வந்து மரியாதையாக நின்று, “மிஸி, வயல் காயுது” என்பார். பட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். அப்படியாக எங்கள் பட்டியலில் நான்கு வண்டிகள் இன்னமும் போய்ச்சேரவில்லை.

அந்த நாட்களில் இவற்றை நாங்கள் மாயாஜாலப் படங்களாகத்தான் பார்த்தோம். எங்கள் பக்கத்தில் ஐந்து மைலுக்கொரு தடவை எல்லோரும் பஸ்சை விட்டிறங்கி, அடையாள அட்டையைப் பிடித்தபடி நடந்து, மறுபக்கத்தில் ஏற வேண்டும். படத்திலோ ஒருவன் ஒரு முழுக் கண்டத்தைக் கடக்கிறான், யாரும் அவனை இறக்கவில்லை. முதல் படம் பார்த்து வரும்போது அக்கா வெகுதூரம் சைக்கிள் மிதித்தார். பிறகு, “ஒருத்தரும் இறங்கி நடக்கல்ல, கவனிச்சியா?” என்றார்.

ஒருநாள் பாலத்தடிக் காவலரணில் கசெட் பிடிபட்டது. இளம் சிப்பாய், ஓரளவு தமிழ் பேசுவான். என்ன படம் என்று கேட்டான். பிரயாணப் படம் என்றார் அக்கா. எங்கே போகிறார்கள்? எங்கேயும் இல்லை, சும்மா போகிறார்கள். ஏன் போகிறார்கள்? அக்கா யோசித்துப் பார்த்துத் தெரியாது என்றார். காரணம் இல்லாமல் யாரும் எங்கும் போவதில்லை என்பதில் சிப்பாய் உறுதியாக இருந்தான். எங்களை ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்துவிட்டுக் கசெட்டைத் திருப்பித் தந்தான். அவ்வளவு அக்கறையாகப் படத்தைப் பற்றிக் கேட்ட வேறொருவரைத் தாம் சந்திக்கவில்லை என்று அக்கா கடைசிவரை சொல்லிவந்தார்.

ஐஸ்பழ வண்டிப் படத்தில் ஓர் அக்காவும் தம்பியும் ஐஸ்பழம் விற்கும் வண்டியில் கடற்கரைக்குப் போகிறார்கள். நடுவழியில் சண்டை. தம்பி ஓர் எண்ணெய்க் கடை வாசலில் இறங்கிவிடுகிறான். அக்கா போய்விடுகிறாள். தம்பி ஒரு பீப்பாவின் மீது மாலைவரை உட்கார்ந்திருக்கிறான். பொழுது சாயும் நேரத்தில் வண்டி திரும்பி வருகிறது. அவள் கதவைத் திறக்கிறாள், அவன் ஏறுகிறான், ஐஸ்பழமெல்லாம் உருகியிருக்கிறது. நம்பும்படியாக இல்லை என்பதால் ஏழாம் இடம் போதும் என்றேன் நான். அக்காவும் ஒப்பமிட்டார். ஆறாம் இடத்திலிருந்த லொறிப் படம் நான் சிபாரிசு செய்தது. அதில் அக்காமார் யாரும் இல்லை.

அத்தானின் ஆண்டுத் திவசம் முடிந்த பிறகு, அவருடைய பழைய வெள்ளைக் காரை அக்கா ஓட்டப் பழகினார். ஐம்பத்தேழு வயது. அதற்குள் வீதிகள் திறந்து சில வருடங்களாகியிருந்தன. “பத்துப் படம் பார்த்தாச்சு, நாமளும் ஒருக்காப் போய்ப் பார்ப்பமே” என்றார். நுவரெலியா என்று முடிவாயிற்று. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது; வழி சொல்லத் தெரியும். அக்கா விடிய எழும்பிப் பிட்டவித்து, வாவி இறாலைப் பொரித்து, இருவருக்கும் சேர்த்து வாழையிலையில் ஒரே பார்சலாகக் கட்டினார். படத்தில் போல, வழியில் நிறுத்திக் காரின் முன்மூடியில் இலையை விரித்துச் சாப்பிடுவது அவருடைய திட்டம்.

கரடியனாற்றைக் கடந்ததும் காரை ஓரங்கட்டினார். வெயில் உச்சியில் நின்றது. முன்மூடியில் வைத்தால் இறால் இரண்டாம் முறை பொரியும் என்றேன். மகா ஓயா வரை போனால் நிழல் இருக்கிறது, அதற்கு எந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றும் சொன்னேன். கியர் மாற்றுவதைப் பற்றியும் சில குறிப்புகள் சொன்னதாக நினைவு. அக்கா வீதியைப் பார்த்தபடி இருந்தார்.

“உனக்கு வழி சொல்லத்தான்டா தெரியும்” என்றார். “வரத் தெரியாது.”

விளக்கம் தேவைப்படவில்லை. அத்தான் நான்கு மாதம் படுக்கையில் கிடந்தபோது நான் கொழும்பில் வாரமொரு பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். எந்த வைத்தியரைப் பார்க்க வேண்டும், ஆஸ்பத்திரியின் எந்த வாசலால் போக வேண்டும் என்று அக்காவுக்கு ஆறு கடிதம் எழுதினேன். அவை நல்ல கடிதங்கள். நான் வந்தது செத்த வீட்டுக்கு.

காரை விட்டிறங்கினேன். நான் கதவைச் சாத்தும்வரை அக்கா பொறுத்திருந்தார். பிறகு மகா ஓயாப் பக்கமாகப் போய்விட்டார். வீதியோரத்தில் ஒரு தயிர்க் கடை இருந்தது. அதன் நிழலில் கால் மணி நேரம் நின்றேன், கைக்கடிகாரத்தில் பார்த்தேன். மட்டக்களப்பு பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

மூன்றாம் நாள் அக்கா நுவரெலியாவிலிருந்து வந்து எனக்கு ஒரு கட்டு லீக்ஸ் கொடுத்தனுப்பினார். சமைத்துச் சாப்பிட்டேன். நாங்கள் பேசாமல் இருக்கவுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன், படம் பார்ப்போம். சண்டை முழுவதும் கொப்பிக்குள் குடிபோனது. சித்திரை வருடப்பிறப்பன்று மருத்துநீர் வைத்துக் குளித்து, பொங்கல் சாப்பிட்டபின் பட்டியலைத் திருத்துவது எங்கள் வழக்கம். அடுத்த சித்திரையில் அக்கா தொடங்கினார்.

“அந்த ஐஸ்பழ வண்டிய ஆறாவதாப் போடு.”

“ஏன்?”

“அவள் வண்டியத் திருப்பிக் கிறுகி வாறாள்தானே.”

“நீங்க வரல்லையே.”

“வந்தநான். நீதான் இல்ல.”

“ஆர் கண்ட?”

“தயிர்க்காரியிட்டப் போய்க் கேள்.”

அக்கா கோரிக்கையை எழுதி ஒப்பமிட்டார். நான் பக்கத்தில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதினேன். இது வருடாவருடம் நடந்தது. தயிர்க்காரியிடம் மட்டும் நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்ற ஆபத்து இருந்தது.

அக்கா இறப்பதற்கு முந்திய சனிக்கிழமை ஒரு நூல் வெளியீட்டில் பேசுவதற்காகக் கரடியனாற்றுக்குப் போயிருந்தேன். நூலாசிரியர் உட்படப் பதினாறு பேர் வந்திருந்தார்கள். விழா முடிந்ததும், என்னை அழைத்துப்போன ஓட்டோக்காரர் வீட்டுக்குத் தயிர் வாங்க வேண்டுமென்று அப்பால் கொஞ்சத் தூரம் ஓட்டிப்போய் நிறுத்தினார். அதே கடை. அடுக்கிய தயிர் முட்டிகளுக்குப் பின்னால் அதே பெண், தலை நரைத்திருந்தாள். ஓட்டோக்காரர் முட்டி தெரிவுசெய்துகொண்டிருக்க, பதினொரு வருடத்துக்கு முன் வெள்ளைக் காரில் ஒரு பெண் தனியாக வந்து இங்கே நின்றது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இருக்காது என்பதே என் கணிப்பு.

“மிஸியா?” என்றாள். “மறப்பனா? என்ட மகள் அப்ப எட்டு மாசப் பிள்ளத்தாச்சி. கால் வீங்கிக் கிடந்ததப் பார்த்திட்டு, உப்புக் கூடாதெண்டு வீட்டில கிடந்த கருவாடெல்லாத்தையும் எறியப் பண்ணினவ.”

எவ்வளவு நேரம் நின்றார் என்று கேட்டேன்.

“பொழுதுபடுமட்டும் இருந்தவ. தம்பியார் பஸ்சில போயிட்டாரெண்டு நான் எத்தின தரம் சொன்ன. கேக்கல்ல. அவன் கோவக்காரன், ஆனா கிறுகி வருவான் எண்டிட்டு இந்தப் பலகை வாங்கிலதான் இருந்தவ. போகக்குள்ள பாதிப் பார்சலக் கட்டித் தந்திட்டுப் போனவ, வந்தாக் குடுங்க எண்டு.” பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்கதானா அது?”

ஓம் என்றேன்.

“விடியுமட்டும் வெச்சிருந்த நாங்க” என்றாள் மன்னிப்புக் கேட்கிற குரலில். “மறுகா நாய்க்குத்தான் போட்ட.”

ஓட்டோவிலிருந்தே அக்காவை அழைத்திருக்கலாம். கைபேசியில் மின்னேற்றம் இருந்தது. கரடியனாற்றில் சமிக்ஞையும் நன்றாகவே கிடைத்தது. ஆனால் ஒப்பம் கொப்பியில் இட வேண்டும் என்று விதி. நியாயமாகப் பார்த்தால் அந்தப் படத்துக்கு முதலாம் இடம் கொடுக்க வேண்டும் என்றும் யோசித்தேன். ஆனால் அக்கா கேட்டது ஆறு. கேட்டதற்கு மேல் கொடுத்தால், நான் தயிர்க்காரியிடம் போயிருக்கிறேன் என்பதை உடனே கண்டுபிடித்துவிடுவார். இப்படியான விஷயங்களைத் தீர்க்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. மறுநாள் ஞாயிறு. முழங்கால் வலிக்கிறது, அடுத்த ஞாயிறு வாறன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். முழங்கால் வலிக்கவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு எஞ்சியவை அதிகமில்லை. ஒரு சொட்டு மருந்துப் பெட்டி. அதில் இப்போது தபால்தலைகள் வைத்திருக்கிறேன். லீக்ஸை வதக்கும் முறை. பஸ்சில் யாராவது இடையில் இறங்க எழும்பினால் அவரது முகத்தைப் பார்க்கிற பழக்கம். வெளியில் சாப்பிட வாங்கினால் பாதியை மடித்துக் கட்டி வைத்துவிடுகிறேன். யாருக்கு என்று கேட்பவர்களுக்கு வயிறு சரியில்லை என்று சொல்கிறேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, வதனி கொப்பியைக் கொண்டுவந்து தந்தாள். “இது உங்களுக்குத்தானே மாமா” என்றாள். வாவிப் பக்கத்துக் கதிரையில் இருந்து புரட்டினேன். பக்கம் பக்கமாக என் கையெழுத்தில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று இருந்தது. நல்ல கையெழுத்து, ஒரு வருடத்திலாவது தடுமாறவில்லை. கடைசிப் பக்கத்தில் இந்த வருடச் சித்திரையின் வரி. கண் சத்திரசிகிச்சைக்கென்று கொழும்பில் நின்றதால் நான் போகாத சித்திரை அது. ‘ஐஸ்பழ வண்டி, ஆறாம் இடம்’ என்று எழுதி, அக்கா தன் ஒப்பத்தை இட்டிருந்தார். பக்கத்தில் எனக்கான இடம் விடப்பட்டிருந்தது.

வதனியிடம் பேனை கேட்டேன். அடுப்படியிலிருந்து கொண்டுவந்து தந்தாள்.

லொறிப் படம் ஏழாம் இடத்துக்கு இறங்கியது.