பேட்டரி கழற்றிய பிறகும்

ஜோசப் குடிக்காதவன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நடந்ததைக் கேட்ட அத்தனை பேரும், "அன்னிக்கு எவ்ளோ ஊத்திக்கினே?" என்றுதான் ஆரம்பித்தார்கள். டீயையே அவன் பாதிதான் குடிப்பான். ஆக, இது சத்தியம்.

1974, ஐப்பசி. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த இரும்பு ஆலையில் ஜோசப் ரேடியோ மெக்கானிக். ஆலைத் தண்ணீருக்காக ஆரணி ஆற்றோரம் ஆழக்கிணறு ஒன்று தோண்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இறங்கி மணல் வாருகிறவன் சின்னதுரை. ஜோசப்பின் தங்கை ஞானம்மாவைக் கட்டியவன். வாக்கிடாக்கி இல்லாமல் எவனும் கிணற்றில் இறங்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

மத்தியானம் ஒன்று இருபதுக்கு ஐந்து செட்டும் ஜோசப்பின் மேசைக்கு வந்தன. எதிலும் பேச முடியவில்லை. கர்ர்ர் என்று ஒரே இரைச்சல்.

ஜோசப் சிரித்துக்கொண்டான். தெரிந்த வியாதிதான். ஏதோ ஒரு செட்டில் பேசுகிற பட்டன் அமுங்கிச் சிக்கியிருக்கும். ஒருத்தன் வாயை மூடாவிட்டால் மற்றவன் பேச முடியாது, கல்யாண வீட்டுச் சித்தப்பா மாதிரி. வைத்தியமும் சுலபம். ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு, மற்றவற்றின் பேட்டரியை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றினால் இரைச்சல் நிற்கிறதோ, அதுதான் திருடன்.

ஒன்றைக் கழற்றினான். நிற்கவில்லை.

இரண்டாவது. மூன்றாவது.

நான்காவது...

இரைச்சலுக்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"மச்சான்... தண்ணி முட்டிக்கு வந்துடுச்சி."

சின்னதுரையின் குரல்.

"இடுப்புக்கு வந்துடுச்சி மச்சான்... தூக்கச் சொல்லு..."

கையிலிருந்த கடைசி செட்டின் பேட்டரியையும் பிடுங்கினான்.

களக்... களக்...

"கழுத்துக்கு..."

செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.

சின்னதுரை கிணற்று மேட்டில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். உடம்பில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"இன்னா மச்சான், பேயறஞ்ச மாதிரி கீறே?"

"இன்னிக்கு எறங்காதே மாப்ள."

"நீ செட்டு குட்த்தாதானே எறங்கறது? போய் ரிப்பேர் பண்ற வழியப் பாரு."

ஜோசப்புக்குப் போன உயிர் வந்தது. அட, இவ்வளவுதானே! சூபர்வைசர் துளசிராமனிடம் போய், "அஞ்சும் அவுட்டு சார். நாளிக்குத்தான்" என்றான். பேட்டரிகளை அள்ளி டிபன் கேரியரில் போட்டு மூடினான். வேலை செய்யாததற்காகத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழு டீ குடித்தான்.

நான்கு மணிக்கு மழை பிடித்தது.

அன்றைக்கே மணலை வாராவிட்டால் கிணறு தூர்ந்துவிடும் என்று துளசிராமனுக்குப் பயம். "செட்டு இல்லாட்டி போவுது. கயித்த ஒரு இழு இழு, தூக்கிடறோம்" என்று சின்னதுரையை இறக்கிவிட்டார்.

ஆற்றில் வெள்ளம் வந்தது. கிணற்றின் அடியில் மணல் பொங்கிக் கயிற்றைப் புதைத்துக்கொண்டது. மேலே இருந்தவர்கள் இழுப்புக்காகக் காத்திருந்தார்கள். மழைச் சத்தத்தில் கூப்பாடு எதுவும் கேட்கவில்லை.

விஷயம் தெரிந்து ஜோசப் ஓடி வந்தபோது, கிணறு நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது...

மறுநாள் ஆஸ்பத்திரியில் உடம்பைத் துடைத்துக் கொடுத்தவர் மணியம்மாள் என்ற ஆயா. ஜோசப்பைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த வலது கைய விரிக்கவே முடியலப்பா. உள்ள ஒண்ணுமே இல்ல. ஆனா எதையோ புடிச்சிக்கினு... கட்ட வெரலால அமுக்கிக்கினே கீறாரு."