ஒரு கூவலுக்கு இரண்டு

விண்வெளிப் படங்களில் கலம் வெடிப்பதும் எரிகல் மோதுவதும் எனக்குப் பயம் தருவதில்லை. அவை சில நொடிகளில் முடிந்துவிடும். என்னால் உட்கார்ந்து பார்க்க முடியாத காட்சி வேறு. தனியாக இருக்கும் ஒருவன் பூமியைக் கூப்பிடுகிறான். பதில் இல்லை. மறுபடி கூப்பிடுகிறான். வெளியே இருட்டு என்பதால் ஜன்னல் கண்ணாடியில் அவன் முகம்தான் அவனுக்குத் தெரிகிறது. பத்திரிகை வேலைக்கு வந்த பிறகு மதுரையிலும் சென்னையிலும் அந்த இடம் வந்ததும் எழுந்து வெளியே போயிருக்கிறேன்.

அப்படி ஒரு படத்தை முதலில் பார்த்தது போடியில், எழுபதுகளின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. என்னை அழைத்துப்போனவர் தேவாரம் என்ற ஊர்ப் பக்கத்துக்காரர். குரங்கணிக்கு மேலே, என் சித்தப்பாவின் ஏலத்தோட்டத்துக்கு எதிர்ச் சரிவில் இருந்த தோட்டத்தில் காவல் வேலை. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் மாப்ளே என்பார்.

படத்தில், தனியாகப் போகும் ஒருவனிடம் பூமியிலிருந்து பேசுகிறார்கள். தூரம் கூடக் கூடப் பதில் வரத் தாமதமாகிறது. பிறகு பதிலே வருவதில்லை. அவன் தன் பழைய பேச்சை டேப்பில் ஓடவிட்டு, அதற்குத் தானே பதில் சொல்ல ஆரம்பிக்கிறான். எனக்குப் புரிந்த ஆங்கிலத்தை அண்ணனுக்குக் காதோடு சொல்லிக்கொண்டே வந்தேன்.

"சோத்தை டியூப்புல பிதுக்குறான் பாரு. ஒரு பீடிக்கு வழியிருக்கா அங்கிட்டு?" என்றார். முன்வரிசை சிரித்தது. டேப் காட்சி வந்ததும் அவரும் பேச்சை நிறுத்திவிட்டார். வெளியே வெயிலுக்கு வந்ததும் சொன்னார்.

"நம்ம சோலியும் இதுதான் மாப்ளே. அவன் ராக்கெட்டுல போறான், நாம ஜீப்புல போறோம்."

அது தீபாவளி வாரம். தோட்டத்து ஆட்கள் எல்லாரும் கீழே இறங்கியிருந்தார்கள். அப்பா இறந்து வருஷம் திரும்பாததால் எங்கள் வீட்டில் தீபாவளி கிடையாது. கடைசியாகப் பறித்த காயை உலர்த்தி முடிக்கும்வரை ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சித்தப்பாவிடம் நானே சொல்லியிருந்தேன். அண்ணனுக்கு அது தலைதீபாவளி. ஆனால் மாமனார் நேரில் வந்து அழைக்கவில்லை, ஜீப் டிரைவரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். கூப்பிடுகிற முறையில் கூப்பிட்டால் போவேன் என்று அண்ணனும் மலையேறிவிட்டார்.

ஸ்டோர் என்பது ஏலக்காய் உலர்த்தும் கட்டிடம். வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு தகரக் குழாய்கள் வழியாக உள்ளே ஓடி, தட்டுகளில் பரப்பிய காயை உலர்த்தும். தீ தணிந்தால் காயின் பச்சை போய்விடும், மிஞ்சினால் காய் வெடிக்கும். கதவைத் திறக்கக்கூடாது. சுவரில் பதித்த சிறு கண்ணாடி வழியாக உள்ளே தொங்கும் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். உள்ளே இருட்டு. விளக்கைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தால்தான் வெப்பமானி தெரியும். கொஞ்சம் விலக்கிப் பிடித்தால் என் முகம் தெரியும்.

தனியாக இருக்கிறவர்களுக்கு அந்தச் சரிவுகளில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாயும்போது ஒருவர் கூவ வேண்டும், எதிர்ச் சரிவில் இருப்பவர் பதிலுக்கு இரண்டு முறை கூவ வேண்டும். இரண்டு ஏன் என்றால், எங்கள் ஸ்டோருக்கு மேலே இருந்த பாறை, கூவியவரின் குரலை ஒரு முறை திருப்பிக் கொடுத்துவிடும். எதிர்ச் சரிவிலும் ஒரு பாறை இதே வேலையைச் செய்தது. ஒன்று வந்தால் அது பாறை. அதன் பின்னால் இரண்டு வந்தால்தான் மனிதர்.

மேலே வந்த அன்றும் மறுநாளும் அண்ணனுடைய இரண்டும் வந்தன. இரண்டாவதை வேண்டுமென்றே சினிமாப் பாட்டு மாதிரி இழுத்தார். பிறகு மழை பிடித்தது. மழை விட்டபோது பனிமூட்டம் இறங்கி எதிர்ச் சரிவை மறைத்துவிட்டது. அன்று சாயங்காலம் கூவினேன். ஒன்று வந்தது. காத்திருந்தேன். மறுபடி கூவினேன். மறுபடியும் ஒன்று. பாறையிலிருந்து என் குரல் அத்தனை தெளிவாகத் திரும்பி வந்ததால், சத்தம் அந்தப் பக்கம் எட்டவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்க ஆள் இல்லை என்றுதான் தோன்றியது.

முந்தின வாரம், இரண்டு சரிவுக்கும் நடுவே இருந்த ஓடைக் கரையில் யானைச் சாணம் கிடந்தது. அவருடைய குடிசைக்குப் போகும் வழி அதுதான். கிளம்பலாம் என்று வாசல்வரை வந்தேன். வழி பத்தடிக்கு மேல் தெரியவில்லை. தீயை விட்டுப் போனால் காய் கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை. பயமாக இருந்தது என்பதும் உண்மை.

மறுநாளும் மூட்டம் விலகவில்லை. காலையில் கூவினேன், சாயங்காலம் கூவினேன், ஒன்றுதான் வந்தது. அதற்குள் நான் வாய்விட்டுப் பேச ஆரம்பித்திருந்தேன். முதலில் விறகு, சூடு என்று ஒற்றைச் சொற்கள். பிறகு கேள்விகள். ஈர விறகை அடுப்பில் வைத்ததற்கு ஒரு குரல் என்னைத் திட்டியது. திட்டியது நான்தான். ஆனால் சொற்களும் அவற்றை அழுத்திய விதமும் அப்பாவுடையவை. துஷ்டி கேட்க வந்தவர்களைக் கவனிப்பதிலும் காரியம் முடிப்பதிலும் நான் அதுவரை அப்பாவைப் பற்றித் தனியே உட்கார்ந்து நினைத்ததே இல்லை. கண்ணாடியில் பார்க்காமல் தள்ளிப்போய் உட்கார்ந்தேன். வெப்பமானியையும் பார்க்கவில்லை.

விடிந்ததும் அடுப்பில் பெரிய கட்டைகளாகத் திணித்துவிட்டுக் கிளம்பினேன். அதற்கு மேல் அங்கே உட்கார்ந்திருப்பது ஓடைக்குப் போவதைவிடப் பயமாக இருந்தது. ஏலச் செடிகள் தலைக்கு மேல் நின்று சொட்டின. நான் நின்ற பிறகும் எங்கோ இலை அசைந்தது. அங்கேயே நின்றேன். எதுவும் வரவில்லை. இறங்க இறங்க ஓர் இரைச்சல் கேட்டது. காற்று என்று நினைத்தேன். கடைசித் திருப்பத்தில்தான் தெரிந்தது, ஓடை. வழக்கமாகத் தாண்டுகிற கற்களைக் காணோம். செம்மண் நிறத்தில் தண்ணீர் மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது. அதன் இரைச்சலில் என் செருப்புச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. இதைத் தாண்டி எந்தக் கூவலும் போயிருக்க முடியாது.

அப்போது எதிர்க்கரை மூட்டத்தில் ஒன்று அசைந்தது. உயரமாக, வெளிறி, கழுத்தில்லாமல் இருந்தது. யானை இல்லை என்பது வரைக்கும் தெரிந்தது. மனிதன் என்று தெரியவில்லை. அது தண்ணீர் ஓரம்வரை வந்து நின்றது. மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தார் அண்ணன். சாக்குக்குள் முகம் சின்னதாக இருந்தது. அந்தப் படத்தில் தலைக்கவசத்துக்குள் தெரிந்த முகம் மாதிரி.

அவர் வாய் அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை. நான் கத்தியது அவருக்கும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் போடி பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோதுதான் அவர் பக்கத்துக் கதை தெரிந்தது. கூட அவர் மனைவி இருந்தார். "நானும் ரெண்டு நாளா கூவுனேன் மாப்ளே. ஒத்தையாத்தான் வந்துச்சு," என்றார்.

"அப்ப நான் எங்க போயிட்டேன்னு நெனச்சீங்க?" என்று கேட்டேன். அவர் பீடியைப் பற்றவைப்பதில் கவனமாக இருந்தார். தலைதீபாவளிக்கு யாரும் வந்து அழைக்காமலே இவர் நனைந்த சாக்கோடு வந்து வாசலில் நின்றதைச் சொல்லி அவர் மனைவிதான் சிரித்தார்.

அன்று ஓடையின் இரண்டு கரையிலும் நின்றோம். தாண்டவும் முடியாது, பேசவும் முடியாது. நான் ஒரு கையைத் தூக்கினேன். அவர் சாக்கைத் தோளுக்குத் தள்ளிவிட்டு இரண்டு கையையும் தூக்கினார்.