சபீக் மாஸ்டர் கழற்றாத ஃபில்டர்

காலையில் பள்ளிக்கூட அதிபர்தான் அழைத்தார். "சேர், நம்மட சபீக் மாஸ்டர் மௌத்தாகிட்டார். அஸர் தொழுதிட்டு அடக்கம்." 

ஜனாஸா முடிந்து கரைத்தீவுப் பள்ளிவாசல் முற்றத்தில் நின்றோம். அவரோடு படிப்பித்த நாம், ஆசிரிய நண்பர்களே, கூடினால் ஒரு கதை வராமல் போகாது. ஃபில்டர் இல்லாமல் கார் ஓட்டி நல்ல என்ஜினைச் சாகடித்த அப்பாவி! அன்றும் அந்தக் கதை வந்தது. நீங்கள் எல்லோரும் கண்ணீரோடு சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வெட்கங்கெட்ட சிரிப்பு அது.

நடந்ததைச் சொல்கிறேன். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களோடு முசலிப் பக்கத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பம் அவருடையது. சண்டை முடிந்து, அங்கே காணி விசாரணைக் கச்சேரி வைத்தார்கள். அன்று பன்னிரண்டு மணிக்குள் காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டிப் பெயர் பதியாவிட்டால் வாப்பாவின் காணி கைவிட்டுப் போய்விடும் என்று பயந்தார். அவருக்குக் கண்ணில் ஒப்பரேஷன் செய்திருந்ததால், அவருடைய பழைய காரை நான் ஓட்டினேன்.

எலுவன்குளம் தாண்டிக் காட்டுப் பாதை. முன்னால் போன டிப்பர் கிளப்பிய செம்மண் புழுதியில் பாதையே தெரியவில்லை. கார் இழுக்க மறுத்தது, இருமியது, நின்றது. மணி பத்தரை. உறுதி இருந்த பையை நெஞ்சோடு அணைத்தபடி, "தம்பி, இன்டைக்கு விட்டா விட்டதுதான்," என்றார். 

பொனட்டைத் திறந்தேன். என்ஜினுக்குள் புழுதி போகாமல் தடுக்கும் எயார் ஃபில்டர் செங்கல்லாக இறுகிக் கிடந்தது. தட்டி உதறிப் போட்டிருக்கலாம். ஆனால் நான் வன்னிக்காரன் அல்லவா! யுத்தகாலப் பெற்றோல் தடையில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய ஆட்கள் நாங்கள். ஃபில்டரைக் கழற்றிவிட்டு, போத்தலால் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணுவோம். திரும்ப மாட்டுவதே இல்லை. அந்தத் திமிரில் ஃபில்டரைக் கழற்றிப் பற்றைக்குள் எறிந்தேன்.

"என்ன செஞ்சீங்க?"

"ஒண்டுமில்லை சபீக் நானா, சரிவந்திட்டுது."

கார் பறந்தது. போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டுக்குக் கால் மணி இருந்தது. பெயர் பதிந்துவிட்டு வெளியே வந்தவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அந்த நேரத்தில் ஃபில்டரைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே புழுதிக்குள் அப்படியே திரும்பி வந்தோம்.

ஒரு மாதத்துக்குள் கார் நீலப் புகை கக்கியது. ஒயிலைக் குடித்தது. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. புத்தளத்துக் கராஜில் என்ஜினைப் பிரித்தார்கள். சிலிண்டர் சுவரெல்லாம் மண்தாள் போட்டுத் தேய்த்தது போலக் கீறல். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து போயிருந்தன. மெக்கானிக் பாஸ் காற்றுக் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் சிவப்பாக வந்தது.

"மண்ணைத் தின்னக் குடுத்திருக்கீங்க. ஆர் இந்த ஃபில்டரக் கழட்டினது?"

 சபீக் மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"நான்தான்," என்றார் அவர்.

அன்றிலிருந்து அவர் பஸ்ஸில் வந்தார். ஆசிரியர் அறையில் நீங்கள் கேலி செய்தபோதெல்லாம், "என்ஜின் போனா என்ன, காணி வந்திச்சே!" என்று சிரிப்பார். சிரித்துவிட்டு ஒரு கணம் என் பக்கம் திரும்புவார். நான் பால் விடாத பிளேன்டியைக் குடித்துக்கொண்டிருப்பேன். இப்படியே எத்தனையோ வருடங்கள் போயின.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவருடைய மகனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"வாப்பாக்குத் தெரியும் சேர். நீங்களா ஒரு நாளைக்குச் சொல்லுவீங்கண்டு பாத்துக்கிட்டே இருந்தார். போன கிழமையும் கேட்டார், சேர் வந்தாரா எண்டு."

அந்த வாரம் நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவருடைய பெருந்தன்மை என்று எழுத எனக்குத் தகுதியில்லை. ஆசிரியர் அறையில் என் பக்கம் திரும்பிய அந்தப் பார்வைதான் என்னிடம் இருக்கிறது. அவருக்குச் சொல்லாததை, அவரைப் பார்த்துச் சிரித்த உங்களுக்குச் சொல்கிறேன்: ஃபில்டரைக் கழற்றியவன் நான்.