ஞானதுரை பார்த்த கலங்கல்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் அப்போது ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. 1951-இல் ஞானதுரைக்கு அங்கே மூத்திரம் காய்ச்சிப் பார்க்கிற வேலை. வயது இருபத்தொன்று. வண்ணாரப்பேட்டையில் கருப்பட்டி மண்டி வைத்திருந்த அவன் அப்பா வெள்ளத்துரை, “பையன் லேபில் இருக்கான்” என்று மட்டும் ஊராரிடம் சொல்லிக்கொள்வார்.

வேலை சின்னதுதான். கண்ணாடிக் குழாயில் முக்கால் பங்கு மூத்திரம் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் மேல்பாதிக்கு மட்டும் சூடு காட்ட வேண்டும். கொதி வந்ததும் வெள்ளையாகக் கலங்கினால் இரண்டு சொட்டு அமிலம். கலங்கல் கரைந்துபோனால் வெறும் உப்பு, கவலையில்லை. கரையாமல் நின்றால் ஆல்புமின். ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதத்தைச் சிறுநீரகம் வெளியே விடுகிறது என்று அர்த்தம். உடம்பு வீங்கி வருகிறவர்களைப் பெரிய டாக்டர் நிறுத்திப் பார்ப்பார். காலில் தொடங்கிய வீக்கமென்றால் இருதயம், முகத்தில் தொடங்கியதென்றால் சிறுநீரகம் என்பது அவர் கணக்கு. ஆனாலும் குழாயைப் பார்க்காமல் வாய் திறக்க மாட்டார்.

துறைமுகத்தில் கரி இறக்குகிற அத்தாவுல்லா வாராவாரம் வருவார். முப்பது வயது. பாட்டிலைக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் நின்றுகொள்வார்.

“இன்னா நைனா சொல்லுது பாட்டிலு?”

“டாக்டரைக் கேளுங்க பாய்.”

“அவரு இங்கிலீசுல பேசிக்கினே கீறாரு. நீ சொல்லு. போன வாரத்துக்கு இது கம்மியா, ஜாஸ்தியா?”

குழாயில் பாதி உயரத்துக்கு வெள்ளை தயிர்போல நின்றிருந்தது. ஞானதுரை அதைக் கையால் மறைத்துக்கொண்டு, “கம்மிதான் பாய்” என்றான். அத்தாவுல்லா சிரித்தபடி போனார். அடுத்தடுத்த வாரங்களிலும் அவன் அதையே சொன்னான். ஐப்பசி மழையில் அவர் வருவது நின்றது.

ஒரு நாள் அவர் மனைவி தாஹிரா வந்தாள். கழுவித் துடைத்த பாட்டிலை மேஜைமேல் வைத்தாள்.

“ஆஸ்பத்திரி சாமான். வூட்ல வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?” என்றவள் போகாமல் நின்றாள். “கண்ணைத் தொறக்க முடியாம மூஞ்சி வீங்கிக் கெடந்தாரு. அப்பவும் ‘கம்மியாயிடிச்சின்னு அந்தப் பையன் சொல்லிகீறான்’னாரு. அத்த நம்பிக்கினே போய்ட்டாரு நைனா.”

அதில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. இருந்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பத்து நாள் கழித்து அமிலம் கெட்டுவிட்டதோ என்று ஞானதுரைக்குச் சந்தேகம் வந்தது. சரிபார்க்க நோயில்லாதவர் மூத்திரம் வேண்டும். மத்தியானம் கூட்டம் ஓய்ந்த நேரம், தன்னுடையதையே பிடித்துக் காய்ச்சினான். மேலே மெல்லிசாக வெள்ளை படிந்தது. அமிலம் விட்டான். கரையவில்லை. புது அமிலம் திறந்தான். அதிலும் கரையவில்லை. மறுநாள் மத்தியானமும் அப்படியே.

யாரிடமும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் கண்ணாடியில் இமைகளைப் பார்த்தான். கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று காத்திருந்தான். சோற்றில் உப்பை நிறுத்தினான். கலங்கல் நின்றவர்களின் பெயர்கள் அவனுக்கு மனப்பாடம். அவர்களில் பாதிப் பேர் இரண்டு வருஷம் தாண்டவில்லை. விளக்கைப் பற்றவைக்கும்போதெல்லாம் ஜன்னலோரம் யாரோ நிற்பதுபோல் இருக்கும். கம்மியா, ஜாஸ்தியா என்ற குரல் கேட்கும். திரும்பினால் வெறும் கம்பிகள்தான்.

வருகிற தை மாதத்துக்குத் திருவொற்றியூர் மாமா மகள் தேவப்பிரியத்தோடு அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேண்டாமென்றான். வெள்ளத்துரை அடிக்கக் கை ஓங்கினார். அப்போதும் அவன் காரணம் சொல்லவில்லை. துறைமுகப் பக்கம் அவனுக்கு யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. அதையும் மறுக்கவில்லை. மாமா வீட்டோடு போக்குவரத்து நின்றுபோனது.

இரண்டு வருஷம் போயிற்று. அவன் சாகவில்லை. மூன்றாவதும் நான்காவதும் போயின. தினம் மத்தியானம் குழாய் கலங்கியது. அவன் நாள் எண்ணிக்கொண்டிருந்தான்.

1955-இல் டாக்டர் எல்சி புதிதாக வந்தார். வந்த மாதமே, பெயர்ச்சீட்டு இல்லாமல் ஒரு குழாய் தினமும் நிற்பதைக் கவனித்துவிட்டார்.

“இது யாரோடது?”

அவன் தலைகுனிந்தான். “என்னோடதுதான் டாக்டரம்மா.”

“எத்தனை நாளா?”

“நாலு வருஷம்.”

அவனை உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். கால்களைப் பார்த்தார், இருதயத்தைக் கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது.

“காலையில எழுந்ததும் பிடிச்சுப் பார்த்திருக்கியா?”

“இல்ல. இங்க வந்துதான், மத்தியானத்துல.”

“இன்னிக்குப் படுக்கப்போறதுக்கு முன்னாடி போயிட்டுப் படு. காலையில கண்ணு முழிச்சதும், நடமாடாம, பாட்டில்ல பிடிச்சு எடுத்துட்டு வா.”

மறுநாள் அவர் முன்னாலேயே காய்ச்சினான். தண்ணீர்போல் தெளிவாக இருந்தது. இன்னொரு குழாயில் ஊற்றிக் காய்ச்சினான். அதுவும் தெளிவு. ஒரு வாரம் பார்த்தார்கள். காலையில் தெளிவு, மத்தியானம் கலங்கல்.

“சில வாலிபப் பசங்களுக்கு நிக்கும்போது மட்டும் கொஞ்சம் ஆல்புமின் போகும். படுத்தா நின்னுடும். இது ஆளைக் கொல்ற நோய் இல்லப்பா. நீ காலையிலிருந்து நின்னுக்கிட்டே வேலை பார்த்துட்டு, அப்புறம் சோதிச்சிருக்கே” என்றார் எல்சி. “ஒரு தடவையாவது யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா?”

சந்தோஷம் வரவில்லை. நான்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள் எழுந்த உடனே ஒரு பாட்டில் எடுத்திருந்தால் போதும் என்பதே அவன் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறு திருவொற்றியூருக்குப் போனான். மாமா பேசாமல் உள்ளே போய்விட்டார். இரண்டாம் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த தேவப்பிரியம்தான் நாற்காலி எடுத்துப் போட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். தனக்குச் சாவு வருமென்று நினைத்ததையும், அவளை விதவையாக்க மனம் வராததையும்.

அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“ரெண்டு வருஷந்தான் இருப்பேன்னு சொல்லியிருந்தாலும் நான் வந்திருப்பேன் அத்தான்” என்றாள். “எங்கிட்டக் கேக்காம நீங்களே எப்படி முடிவு பண்ணுனீங்க?”

உள்ளே மூத்த குழந்தை அழுதது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

எண்ணூரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்த சுகிர்தத்தை 1957-இல் பெண் பார்த்தார்கள். காப்பி ஆறிப்போகும்வரை ஞானதுரை அவளிடம் குழாயைப் பற்றியும், அத்தாவுல்லாவைப் பற்றியும், தேவப்பிரியத்தைப் பற்றியும் சொன்னான்.

“இப்பவும் அந்தப் பயம் வருமா?” என்று கேட்டாள்.

“வரும்.”

“வந்தா எங்கிட்ட சொல்வீங்களா?”

“சொல்றேன்.”

கல்யாணமாகி மறுவருஷம் ஒரு பெண் பிறந்தது. பிள்ளையைச் சுகிர்தம் அவன் மடியில் வைத்தாள். “சுகிர்தம், பயமா இருக்கு” என்றான். அவள் பிள்ளையைத் திரும்ப வாங்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, அவன் பக்கத்தில் இடம் பண்ணி உட்கார்ந்துகொண்டாள்.