சுவர் பிடித்த கதை

தேர்தல் வேலையில் ‘சுவர் பிடிப்பது’ என்று ஒன்று உண்டு. இன்றைக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் எழுத முடியும், அப்போது அப்படியில்லை. தேதி அறிவிக்க மாதக்கணக்கில் இருக்கும்போதே வாளியும் மட்டையுமாகக் கிளம்புவோம். சுண்ணாம்பு அடித்து, மூலையில் நீலத்தில் கட்சிப் பெயரையும் வருடத்தையும் போட்டால் அந்தச் சுவர் எங்களுடையது. ஈரம் காய்வதற்குள் எதிர்க்கட்சிக்காரன் மேலே பூசிவிடுவான் என்று ஒருத்தன் சுவரை ஒட்டியே காவல் நிற்பானாம். ‘பிடிப்பது’ என்ற பேச்சே அதில் வந்ததுதான் என்று திருத்தணியில் எங்கள் பழைய ஆட்கள் சொல்வார்கள். நிஜமோ பொய்யோ, பிடித்ததை விடக் கூடாது என்பதுதான் சட்டம். அந்தச் சட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுத மடையன் நான்.

அக்காவைப் பள்ளிப்பட்டில் கொடுத்திருந்தோம். பஸ் போகிற சாலையைப் பார்த்த வீடு, நீளமான சுவர். அக்கா வீட்டுக்காரர், என் பாவா, எதிர்க்கட்சி. அதனாலென்ன, அக்கா வீடு என் வீடுதானே என்று, அவர் ஊரில் இல்லாத ஒரு காலையில் போய் அடித்துவிட்டேன். கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா வெளியே வந்து பார்த்தாள். கத்தவில்லை.

“உங்க பாவா வர்றதுக்குள்ள அழிச்சிட்டுப் போடா. அவுரு கட்சிக்காரங்க முன்னாடி எப்படித் தல நிமிருவாரு?”

“புடிச்ச செவுத்த உட முடியாதுக்கா,” என்றேன். எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவளிடம் அதைச் சொன்னேன்.

மாலையில் பாவா வந்து மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டார். அதற்குள் அவருடைய ஆட்கள் பார்த்துச் சிரித்தாகிவிட்டது. கட்சியில் அவருக்கிருந்த பொறுப்பும் போனது. அதன்பிறகு அக்கா என் வாசலை மிதிக்கவில்லை. ஆடிக்கிருத்திகைக்கு மலையேறி இறங்கி, எங்கள் தெரு வழியாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போவாள். நான் வாசலில் நிற்பேன். திரும்பிப் பார்க்கமாட்டாள். ஓடிப்போய் மன்னிப்புக் கேட்க என் ரோஷம் விடவில்லை.

போன மாசியில் அக்கா போய்விட்டாள். பாவா வீட்டிலிருந்து யாரும் சொல்லவில்லை. அந்த ஊர்க் கட்சிக்காரன் ஒருவன் போன் செய்தான். எந்தப் பெண்ணையும் பிறந்த வீட்டுப் புடவையைப் போர்த்தித்தான் தூக்குவார்கள். கூடப்பிறந்தவன் கொண்டுபோக வேண்டும். கடை திறக்கக் காத்திருந்து, அவளுக்குப் பிடித்த அரக்கு நிறத்தில் ஒன்று வாங்கிக்கொண்டு ஓடினேன்.

பந்தலில் பாவா என்னை உட்காரச் சொன்னார். அவர் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

“பொறந்த வீட்டுப் பொடவ போத்தியாச்சுப்பா. பக்கத்து வீட்டுக்காரரு எடுத்தாந்தாரு. படுக்கையில இருக்கசொல்லவே அவதான் அவுராண்ட கேட்டுகினா.”

பையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.