சந்தனம் பூசிய இரண்டு தலைகள்

என் மகள் யாழினியின் டிஸ்சார்ஜ் சீட்டில் இப்படி எழுதியிருக்கிறது: "காய்ச்சல். சிகிச்சை அளிக்கப்பட்டது. நலமுடன் வீடு திரும்புகிறார்." தேதி, ஆடிக் கிருத்திகைக்குப் பின் வந்த திங்கட்கிழமை. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைப் பிற்பகல் அதில் இல்லை. திருவிழாவையும் மழையையும் தேதியிட்டு எழுதிவைப்பது என் வழக்கம். அந்தப் பிற்பகலை எழுத மட்டும் கை வரவில்லை. முருகனை நம்பும் உங்களிடம் இப்போது சொல்கிறேன்.

கிருத்திகையன்று எங்கள் ஊர் முருகன் மலையில் அவளுக்கு முடி இறக்கினோம். மூன்று வயது. மறுநாளே காய்ச்சல் கொதித்தது. ஊரிலேயே ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பக்கத்துக் கட்டிலில் அம்மையார்குப்பத்து நெசவாளர் வீட்டுப் பையன். வலிப்பு வந்து சேர்த்திருந்தார்கள். அவனுக்கும் அதே நாளில்தான் மொட்டை. இரண்டு தலையிலும் சந்தனம்.

"ரெண்டும் ரெட்டைப் புள்ளைங்களாட்டம் கீதுங்களே, எது யாருது?" என்று நர்ஸ் சிரித்தார்.

"கருப்பு மொட்டை என்னுதுங்க, செவப்பு மொட்டை அவங்களுது" என்றாள் பையனின் தாய். நாங்களும் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை யாழினி ஜன்னலுக்காக அழுதாள். அங்கிருந்து மலை தெரியும். ஜன்னலோரக் கட்டில் பையனுடையது. "கொயந்த அழுவுதுண்ணா, இங்க வந்து படுக்கட்டும்" என்று அந்தத் தாயே கட்டிலை மாற்றிக் கொடுத்தாள். சற்று நேரத்தில் நர்ஸ் அவசரமாக வந்து, ஜன்னலோரம் இருந்த மொட்டைக்கு ஊசி மருந்தை ஏற்றிவிட்டுப் போனார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காய்ச்சலுக்கு என்று நினைத்தேன்.

யாழினி தூங்கினாள். பிறகு எழுப்பியும் எழவில்லை. கை துவண்டு விழுந்தது. மூச்சு விட்டு விட்டு வந்தது. உதடு நீலமானது. டாக்டர் ஓடி வந்து ஆக்சிஜன் வைத்தார். காய்ச்சல் மூளையைத் தாக்கியிருக்கலாம், உடனே சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும், வழியில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது என்றார். "ஏங்க, கூப்பிடுங்க, அவள கூப்பிடுங்க" என்று என் மனைவி சுமதி அலறினாள்.

எனக்குக் குரல் வரவில்லை. ஜன்னல் வழியே மலையைப் பார்த்தேன். முருகா, முடியைக் கேட்டாய், கொடுத்தோம். உயிரையுமா கேட்கிறாய்? சினம் தணிந்த மலை என்கிறார்களே, யார் மேல் உனக்கு இன்னும் சினம்? வேண்டுதல் அல்ல அது, ஏச்சு. பிறகு அதுவும் நின்றது. ஒரு வழி காட்டு என்று மட்டும் கேட்டேன்.

அப்போது பின்னால் அந்தத் தாயின் குரல். "எம் புள்ளைக்கு வலிப்பு ஊசி எப்பங்க போடுவீங்க?"

"இப்பத்தானம்மா போட்டேன்."

"எங்கங்க போட்டீங்க? நான் இங்கியேதான ஒக்காந்துகினு கீறேன்!"

நர்ஸ் இரண்டு தலைகளையும் பார்த்தார். அவர் வாய் மூடியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. "டாக்டர், மாத்திப் போட்டுட்டேன்" என்று உடைந்து அழுதார்.

காரணம் தெரிந்ததும் பயணத்தை நிறுத்தினார்கள். மருந்தின் வேகம் தணியும் வரை முகத்தில் வைத்த காற்றுப் பையை அழுத்தி அவளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் கண் திறந்து "அம்மா" என்றாள்.

ஆனால் அதற்குள் பக்கத்துக் கட்டில் அதிர ஆரம்பித்திருந்தது. தனக்கு வர வேண்டிய மருந்து வராத அந்தப் பையனுக்கு வலிப்பு. ஊசி போட்டும் நிற்கவில்லை. என் மகளுக்காக வந்த ஆம்புலன்ஸில் அவனைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அவன் தாய் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு கிருத்திகைக்கும் நான் மலையேறுகிறேன். மருந்தோடு யார் வந்தாலும் குழந்தையின் பெயரைச் சொல்லி, எதற்கு என்று கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள். கேட்க வாய் எழாதபோது முருகனை நம்புங்கள். அவன் யார் வாயிலாவது வருவான். எனக்கு வந்தான். நன்றி சொல்லும்போதெல்லாம் அதிர்ந்த அந்தப் பக்கத்துக் கட்டில் கண்முன் வருகிறது.

அம்மையார்குப்பத்துக்கு இரண்டு முறை போனேன். பையன் பிழைத்துவிட்டான், குடும்பம் ஆந்திரப் பக்கம் போய்விட்டது என்றார் ஒரு தறிக்காரர். அப்படி ஒரு வீட்டையே தெரியாது என்றார் இன்னொருவர். அவன் உயிரோடு இருக்கிறானா என்பதை இன்றுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.